மனநிலை: நன்று

மார்ச் 3
தினமும் வேலை தொடங்கும் முன் எல்லோரும் ஐந்து நிமிடம் கண்மூடி நின்று மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். கம்பெனியின் புது உத்தரவு. நடத்த வேண்டியவர் மேஸ்திரி. அதாவது நான், கண்ணை மூடினால் குறட்டை விடுகிறவன். முடிந்ததும் ‘குழுவின் மனநிலை’ என்று ஒரு படிவம். ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்லோடு வேலை முடிந்தது.

மார்ச் 6
சாரம் கட்டுகிறவர் கண்மூடி நின்றபடியே அழுதார். “மூச்சை விடச் சொன்னா மூக்கைச் சிந்துறியேப்பா” என்றேன். முப்பது பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படிவத்தில்: நன்று.

மார்ச் 7
பிளம்பர் சொல்லித்தான் தெரிந்தது. சாரக்காரரின் மகள் காய்ச்சலில் போய் இருபது நாள்தான் ஆகிறதாம். என் மகள் வயது.
என் வாயில் சிமெண்டைக் குழைத்து அடைக்க வேண்டும்.

மார்ச் 9
சாரக்காரர் ஏழாவது மாடிச் சாரத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பு பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கியது. முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறிப்போய் நானே மாட்டினேன்.
“மாட்டணும்னே தோணலண்ணே.”
பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. கிண்டல் மட்டும் எப்படி நாக்கு நுனியிலேயே காத்துக் கிடக்கிறது? அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.
“விடுங்கண்ணே. நானும்தானே சிரிச்சேன்.”

மார்ச் 10
முதல்முறையாகப் படிவத்தில் உண்மையை எழுதினேன். சாரக்காரர் மகளைப் பறிகொடுத்திருக்கிறார், கொஞ்ச நாளைக்குக் கீழே வேலை கொடுங்கள் என்று. கையெழுத்தைக்கூட நிறுத்தி நிதானமாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 12
அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மனநிலை சரியில்லாதவரை வேலைக்கு வைக்க முடியாதாம். ஆபீசுக்கு ஓடினேன். “நீங்கதானே மேஸ்திரி எழுதிக் குடுத்தீங்க?” என்றார்கள்.
கேட்டுக்குத் திரும்பினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “உங்க மேல கோவமில்லண்ணே. வீட்ல உக்கார முடியாமத்தான் இங்க வந்துட்டிருந்தேன்.”
நல்லதுன்னு நெனச்சுத்தானே எழுதினேன் – அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 15
இன்றும் போனை எடுத்தது அவர் மனைவிதான். “பாப்பா படுக்கிற இடத்துலயே படுத்திருக்காருண்ணே. எழுந்திரிக்கல.”

மார்ச் 19
சாரத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார். தூங்கிப் பல நாளான கண்கள். தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல ஏதாவது கஷ்டமா தம்பி?” என்று கேட்டேன்.
முகம் சட்டென்று மூடிக்கொண்டது.
“எல்லாம் நல்லா இருக்கு மேஸ்திரி. எதையும் எழுதிடாதீங்க.”