ஆளைத் தவறவிடாத தும்பிகள்

இன்றைக்கு ஓட்டல் மூட்டையை அவிழ்த்தபோது விரிப்புகளுக்கு நடுவில் ஒரு ஆரஞ்சு பனியன் கிடந்தது. எந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனானோ. தொட்டியில் முக்கிவிட்டேன். கல்லில் அடிக்கக் கை எழவில்லை. நடக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி அந்தக் காலேஜ்காரர்கள் உங்களுக்குக் கொடுத்த சட்டையும் இதே நிறம். பனியனைப் பக்கத்துக் கல்லில் துவைக்கும் தெய்வானை சேச்சியிடம் தள்ளிவிட்டு வந்து எழுதுகிறேன். நாலாம் கிளாஸ் தமிழ்தான். பிழை கண்டால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சலவையை விட்டு நீங்கள் அந்த ஆராய்ச்சி வேலைக்குப் போன புதிதில் நமக்கு ஒரே பெருமை. மட்டாஞ்சேரி குடோன் தெருவிலும் நம் துணி காயும் மைதானத்திலும் கம்பம் நட்டுக் கேமரா வைத்தார்கள். ஒரு கேமராவின் பார்வையை விட்டு ஆள் நகர்ந்தால் அது அடுத்த கேமராவுக்குச் சொல்லிவிடுமாம். கேமரா எட்டாத இடத்தில் நாலு காற்றாடி வைத்த இரண்டு குட்டி எந்திரங்கள் மேலே பறந்து வரும். தெருவே அவற்றைத் தும்பி என்றது. ஒரு தும்பிக்குப் பேட்டரி தீர்ந்தால் மற்றது ஆளைப் பார்த்துக்கொள்ளும். அவை பின்தொடர வேண்டிய ஆள் நீங்கள். சந்தில் திரும்புவதும் கூட்டத்தில் கலப்பதும்தான் உங்கள் வேலை.

"எடி பாக்கியம், சும்மா நடக்குறதுக்குச் சம்பளம் வாங்குறவன் கொச்சியில உன் புருஷன் ஒருத்தன்தான்" என்பீர்கள்.

"அதுல ஒரு தும்பியை எனக்கு வாங்கிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை எங்க போய்ச் சீட்டு ஆடுறீங்கன்னு பாக்கணும்."

"அதுக்கு உன் கண்ணு போதாதா!"

வெள்ளத்தில் போனவர்களையும் கடலில் போனவர்களையும் ஒரு நாள் இது தேடித் தரும் என்று சாயா குடித்துக்கொண்டே சொன்னீர்கள். அதை நம்பித்தான் நடந்தீர்கள்.

அந்தக் கடைசி நாள் மதியம் நான் சோறு கொண்டுவந்தபோது ஒரு தும்பி சுக்குக் குடோன் கூரையில் விழுந்து கிடந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய சார் குடைக்குள் நின்று, "மழ வருன்னு. வேகம் கேறு" என்று உங்களை ஏறச் சொல்லி மலையாளத்தில் விரட்டினார்.

"ஷீட்டு நனைஞ்சிருக்கு சாரே. பழைய ஷீட்டு" என்றீர்கள்.

"ஒன்னும் ஆவில்லா. கேறு."

செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினீர்கள். தும்பியை எடுத்துக் கீழே நீட்டியபோது ஷீட்டு உடைந்து உள்ளே விழுந்தீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பெரிய சார் ஓடினார். உங்களிடம் அல்ல. சுவரோரம் விழுந்த தும்பியைத் தூக்கி, காற்றாடி உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடோனுக்குள் உங்கள் தலையை மடியில் வைத்தது நான்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் போன பிறகு போலீஸ் வந்தது. "அவன் தன்னே கேறியதா. ஞான் பறஞ்ஞிட்டில்லா" என்றார் பெரிய சார். நீங்களாகவே ஏறினீர்களாம், அவர் சொல்லவே இல்லையாம். நான் கேட்டதைச் சொன்னேன். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்றார்கள்.

உங்கள் வருஷத் திதி முடிந்து கொஞ்ச நாளில் அவர் நம் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் தும்பியைப் பார்க்க வருகிறார்களாம். அன்று மைதானத்தில் துணிக்கொடிகள் காலியாக இருக்க வேண்டுமாம். நம் ஆட்கள் சரி என்றுவிட்டார்களாம், நானும் சரி சொல்ல வேண்டுமாம்.

"நீங்கதான் ஏறச் சொன்னீங்கன்னு சொல்லுங்க. போதும்" என்றேன்.

வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஞான் பறஞ்ஞு. சரி" என்று முனகினார்.

"இங்க இல்ல சாரே. மைதானத்துல நின்னு, எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

அவர் ஷூவை மாட்டினார். பிறகு போய்விட்டார்.

அவர்கள் வந்த அன்று காலையில் நான் முதல் விரிப்பைக் கொடியில் போட்டேன். நம் கொடியை உங்களுக்குத் தெரியாதா? கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கி, முறுக்குக்குள் துணி முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் கழலாது. துணிகளைப் பங்கு வைக்கும் ராசன் அண்ணாச்சி ஓடிவந்தார்.

"பாக்கியம், சங்கத்துல வாக்குக் குடுத்தாச்சு. எடுத்துரும்மா."

தெய்வானை சேச்சி இடுப்பில் கை வைத்தாள். "ஓட்டல்காரன் சாயங்காலம் துணி கேப்பான் அண்ணாச்சி. சார் வந்து காயவச்சுத் தருவாரா?" என்று தன் மூட்டையையும் அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். மைதானம் முழுக்க வெள்ளை.

உங்கள் இடத்துக்கு வந்த புதிய ஆள் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு உள்ளே நுழைந்தான். விரிப்புகளுக்குள் அவன் போனதுதான் தெரியும். கம்பத்துக் கேமரா எதற்கும் அவன் அகப்படவில்லை. தும்பிகள் இரண்டும் மேலே ஒன்றையொன்று பார்த்து நின்றன. காற்று ஒரு விரிப்பைத் தூக்கினால் அடுத்தது மறைத்தது. வந்தவர்கள் கேமரா பார்ப்பதைக் காட்டும் டிவியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். பெரிய சார் கொடிகளுக்குள் பாய்ந்து விரிப்புகளை இழுத்தார்.

"சாரே, கை கழுவிட்டுத் தொடணும்! அது ஓட்டல் துணியாணு!" என்று சேச்சி கத்தினாள். கொடிக்குக் கொடி சிரிப்பு. ராசன் அண்ணாச்சியும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

நான் வந்தவர்கள் முன்னால் போய் நின்றேன். அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு மலையாளிப் பெண் இருந்தாள். "இவர் ஏறச் சொன்னார். என் புருஷன் நனைஞ்ச கூரையில ஏறிச் செத்தார். இவர் முதல்ல ஓடிப்போய் எடுத்தது தும்பியை. அப்படியே சொல்லும்மா" என்றேன். அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. பெரிய சாரின் முகம் வெளுத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். எத்தனை துணி வெளுத்திருக்கிறேன், எதற்கும் அப்படி மனம் குளிர்ந்ததில்லை.

வந்தவர்கள் சாயாவைக்கூடத் தொடாமல் காரில் ஏறினார்கள். அந்த மாசமே காலேஜ்காரர்கள் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆனாலும் எல்லாரும் கேட்க அவர் வாயால் அதைச் சொல்லவில்லை.

யாரோடு சண்டை வந்தாலும் நீங்கள், "விட்டுத் தள்ளு பாக்கியம்" என்பீர்கள். சேச்சியும் இப்போது அதையேதான் சொல்கிறாள். உங்களுக்கு எல்லோரையும் மன்னிக்கிற மனசு. எனக்கு அது இல்லை, இருந்தாலும் இவருக்குக் கிடையாது.

போன வாரம் சந்தையில் அவரைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் ரோட்டின் மறுபக்கம் போனார். நானும் போனேன். வேகமாக நடந்தார். நானும் நடந்தேன். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் நான் நின்றேன். கடைசியில் திரும்பி, "எந்தா சேச்சி வேண்டது?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும் சாரே" என்றேன். அவர் ஆட்டோவுக்குக் கை நீட்டினார். இனி எங்கே கண்டாலும் போவேன், அவர் சொல்லும்வரை.