பொட்டுக்குப் பதில் வந்த மீன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறபோது கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, படி ஏறும்போது முட்டி மட்டும் லேசாக வலிக்கிறது, அதையும் அவர் வாயால் சொல்லவில்லை, மாடித் திருப்பத்தில் நின்று சுவரில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி உற்றுப் பார்க்கிறார், நானாகத் தெரிந்துகொண்டேன். எனக்குப் போனில் கோர்வையாகப் பேச வராது, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமே இது தெளிவாத் தெரியுதா, இது தெளிவாத் தெரியுதா என்பதற்கு மேல் வாய் திறக்காதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் உன் மீன்களைப் பற்றி. நல்லதும் இருக்கிறது, வருத்தமானதும் இருக்கிறது, எங்கேயாவது உட்கார்ந்து படி.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தபோது ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் முனகியது, ஆனால் கூடத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தலை பின்னி முடிக்கும்போதுதான் பிடிபட்டது, தொட்டியின் சலசலப்பு இல்லை. ஃபில்டர் மோட்டார் நின்றுபோயிருந்தது. அப்பா கழற்றி முகர்ந்து பார்த்து, "கருகிருச்சு, போச்சு" என்றார். மீன் கடைக்காரருக்குப் போன் செய்தோம், அந்த அளவு மோட்டார் தன்னிடம் இல்லை, வெளியிலிருந்து வரவேண்டும், சில நாள் ஆகும் என்றார். "நீ கடைக்குப் போம்மா, இன்னிக்கு எனக்கு வேலை இல்ல, நான் பாத்துக்கறேன்" என்று அப்பா சொன்னார். நானும் போய்விட்டேன்.

அப்பா என்ன வேலை செய்கிறவர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பாதி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி, பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, முகம் தெரிகிற மாதிரி தேய்த்துவிட்டு வருகிறவர். தொட்டி என்றால் அவருக்கு அது ஒன்றுதான் அர்த்தம். நான் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் உன் தொட்டி கடையில் வைத்த புதுக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கூழாங்கல் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கிறது. ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சை பவுடரில் ஊறவைத்து அலசி, என் துப்பட்டாவுக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். "எவ்வளவு அழுக்குங்கற, பாவம் புள்ளைங்க, இதுலயா இத்தன நாள் இருந்துச்சுங்க" என்றார், அவ்வளவு சந்தோஷம் முகத்தில். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. "பாரு, புதுத் தண்ணி பிடிச்சுப்போச்சு, நன்றி சொல்லுதுங்க" என்றார். மூச்சுக்குத் திணறுகின்றன என்று எனக்குப் பட்டது. நீ கிளம்புகிற அன்றைக்கு அப்பாவிடம் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவக் கூடாது, தண்ணீரை மொத்தமாக மாற்றக் கூடாது என்று சொன்னதும், அவர் டிக்கெட்டைத் தேடிக்கொண்டே சரி சரி என்று தலையாட்டியதும் எனக்கு ஞாபகம் இருந்தது. காலையிலேயே அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீ அவரிடம் சொன்னதை நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமோ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன், அந்தக் கூச்சத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபமாக வருகிறது.

மறுபடி மீன் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "பிடிச்சு வச்ச தண்ணியாம்மா, குழாய்லேர்ந்து நேரா ஊத்துன தண்ணியா" என்று கேட்டார். நேராக ஊற்றியது என்றேன். ஸ்பாஞ்சைப் பற்றிச் சொன்னதும், "அண்ணன் அதோட ஏன் நிறுத்துனாரு, மீனையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பவுடர் பூசி விட்டிருக்கலாமே" என்றார். அப்பா பக்கத்திலேயே நின்றார், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு உடனே சட்டையை மாட்டிக் கிளம்பி, குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வருகிறவரைக்கும் நான் கிளாசில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், அப்படி ஊற்றினால் காற்று கலக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அப்பா வந்தபின் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். பெரியது நாலும் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. காலையில் பார்த்தபோது ஐந்தில் சின்னதான பொட்டு மட்டும் அடியில் சாய்ந்து கிடந்தது.

பாப்பா, இதை எப்படி எழுதினாலும் வருத்தம்தான், அதனால் நேராகவே எழுதிவிட்டேன். உன் பொட்டு போய்விட்டது. அப்பா அதைக் குப்பையில் போட விடவில்லை. கண்ணாடி துடைப்பதற்கு எங்கள் கடையில் கொடுக்கிற மெத்தென்ற துணி ஒன்று கேட்டு வாங்கி, அதில் சுற்றி, வாசல் பக்கத்துச் செடித் தொட்டியில் அவர் கையாலேயே தோண்டி வைத்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. முட்டி வலி என்று போனில் யாரிடமோ சொன்னார்.

மற்ற நாலையும் மோட்டார் வருகிறவரைக்கும் காப்பாற்ற வேண்டுமே. கடைக்காரர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சு ஒன்றை, பழுப்பும் வழவழப்புமாக, அதே தண்ணீரோடு பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார். அந்த வழவழப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றனவாம், மீன் கழிவில் வருகிற விஷத்தைத் தின்று தீர்ப்பது அவைதானாம், அப்பா அத்தனையையும் பிளீச்சிங் பவுடரில் கொன்றுவிட்டாராம். "அண்ணே, இந்த அழுக்குதான் மருந்து, கையெடுத்துக் கும்பிடறேன், கழுவிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். வாழ்நாள் முழுவதும் அழுக்கைத் துரத்துகிற மனிதர், அந்தப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்டோவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கூடவே கடைக்காரர் காற்று ஊதுகிற பழைய மோட்டார் ஒன்றை இரவல் கொடுத்திருந்தார், அது போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, மாவு மில்லு வச்சிருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார், அப்பா அதற்கடியில் பழைய செருப்பை வெட்டி வைத்துச் சத்தத்தை அடக்கினார். அந்தக் காற்று ஸ்பாஞ்சு வழியாகப் போகிற மாதிரி கட்டிவிட்டோம். வாளிகளில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, ஒரு நாள் வைத்திருந்து, தினமும் தொட்டியில் கால்வாசியை மட்டும் மாற்றினோம். கரண்ட் போகிறபோதெல்லாம் கிளாசும் கையும்தான். இரை கிட்டத்தட்ட இல்லை, தின்றால்தானே கழிவு வரும். உன் மேனேஜர் மீன் தொட்டியின் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அப்பாவின் கை தானாக இரை டப்பாவுக்குப் போகிறது, "பசியோட இருக்கறவங்களப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது" என்கிறார். டப்பாவை நான் உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது. அப்புறம் அதைக் கைப்பையில் போட்டுக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன், பை திறக்கும்போதெல்லாம் கருவாட்டு வாசனை, முதலாளியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இனிமேல்தான் நான் சொல்லக் கூச்சப்படுகிற பகுதி. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன்னால் அப்பா வெளியே போய்விட்டு ஒரு பையோடு வந்தார். அதில் சின்னதாக ஆரஞ்சு நிற மீன், தலையில் கறுப்புப் பொட்டு. எத்தனை கடை ஏறி இறங்கினாரோ தெரியாது. அப்படியே அச்சு அசல். ஆனால் நாள் முழுவதும் மனிதர்களின் வலது கண் இடது கண் பார்க்கிற வேலை எனக்கு, பொட்டுக்கு இடது கண்ணுக்கு மேலே மச்சம், இதற்கு வலது கண்ணுக்கு மேலே. சொன்னேன். "போன்ல இடது வலது மாறித்தாம்மா தெரியும், பாப்பா அங்க பரீட்சை நேரத்துல அழுதுட்டு இருந்தா யாரு பாக்கறது" என்றார். நானும் தடுக்கவில்லை, அது தொட்டிக்குள் போய்விட்டது. நீயும் கூப்பிட்டாய், ஒவ்வொன்றாக எண்ணினாய், "ஐயோ, பொட்டு எவ்ளோ பெருசாயிட்டான்" என்று கத்தினாய். அப்பா போனை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நீ என்னிடம், அப்பாவுக்குச் சளியா என்று கேட்டாய். ஆமாம், கொஞ்சம் சளி என்றேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லீவுக்கு வந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய். மீனுக்காக அழுவது ஒரு நாளோடு போகும். ஆனால் அதற்குப் பிறகு அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவாயா, முட்டி வலி மட்டும்தான் என்றால் நம்புவாயா? அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளுக்கு எங்கள் சொல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? உனக்கு நான் சித்தியாகி மூன்று வருஷம்தான் ஆகிறது, சித்தி என்று நீயாகத்தான் கூப்பிட ஆரம்பித்தாய், யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அப்பாவிடம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எழுதும்மா, வேணும்னு செய்யலன்னு மட்டும் போட்டுரு" என்றார். போட்டுவிட்டேன். உண்மையும் அதுதான். நீ அவரைத் திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு நிறுத்திவிடு.

புது மோட்டார் நேற்று முன்தினம் வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர், கரிக்கட்டை, இரட்டையர் நாலு பேரும் நன்றாக நீந்துகிறார்கள், கொஞ்சமாக இரை கொடுக்கிறோம். கரிக்கட்டையின் வால் ஓரம் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது, ஆறிவிடும் என்கிறார் கடைக்காரர். புது மீனை நான் எடுத்துப் பெரிய வாளியில் தனியாக விட்டிருக்கிறேன், ஃபில்டர் இன்னும் முழுசாகத் தேறவில்லை, கூட ஒரு வயிறு சேர்ந்தால் தாங்காது. திருப்பிக் கொடுத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்களாம். அப்பா வாளியைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். அது பாவம், இன்னொருத்தர் பெயரில் ஒரு நாள் நடித்ததைத் தவிர வேறு தப்பு செய்யவில்லை. வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா, வைத்துக்கொண்டால் என்ன பெயர் என்று நீதான் சொல்ல வேண்டும்.

பரீட்சையை நிதானமாக எழுது. இருட்டில் போனைப் பார்க்காதே, கண்ணில் எரிச்சல் இருந்தால் சொட்டு மருந்தை நீயாக வாங்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். மறக்காமல் ஒன்று, இனிமேல் மீன்களைப் பற்றி என்னிடம் கேள். என் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மதியம் கடையில் ஆள் இருக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அன்புடன்,
சித்தி

பாப்பா, சித்தி எழுதுனது எல்லாம் நெசம். எனக்கு எழுத வராது. கோவமா இருந்தா என் நம்பருக்குப் போடு. கோவம் தீந்தப்புறம் சித்தி நம்பருக்குப் போடு.
அப்பா