நாலு வரப்பிலும் ஆள் நிற்கிறது, மாமா

அன்பும் அடாவடியும் நிறைந்த என் மாமாவுக்கு,

அறுப்பு முடிந்துவிட்டது. நம் சௌல்தாரி வயலில் நெல் தாள் மட்டும்தான் மிச்சம், மண் நன்றாக இறுகிக் கிடக்கிறது. நாளைக் காலை நடக்கப்போவதை நினைத்தாலே கை கால் நிலைகொள்ளவில்லை. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மின்னி பேயிலிருந்து அந்தக் கான்ட்ராக்டர் மறுபடியும் வந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உங்கள் மோட்டார் சைக்கிளை விலை பேசுகிறார். "ஓட்ட ஆளில்லாத வண்டி துருப்பிடிச்சுத்தான் போகும், குடுத்துடலாமே" என்கிறார் உங்கள் மகன். என் வீட்டுக்காரராயிற்றே, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இந்தக் கடல் காற்று எந்த இரும்பை விட்டு வைத்தது? ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சாதாரண வண்டியா அது? பட்டாளத்திலிருந்து வந்ததும் மெட்ராஸில் ராணுவ ஏலத்தில் எடுத்தது. ஐம்பதுகளில் சாலை போடும் வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்தபோது அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கிரேனில் தொங்கியபடி அது இறங்கும்போது துறைமுகத்தில் நின்று நீங்களே கைதட்டினீர்களாம். சௌல்தாரிச் சாலையில் ஜல்லி கொட்டிய கூட்டத்தில் நீங்களும் ஒருவர், அதில் முதலில் வண்டி விட்டவரும் நீங்கள்தான்.

அந்தச் சாலையிலேயே கண் மங்கிப் போய் ஓடையில் விழுந்தீர்களே! கண் நரம்பு போய்விட்டது, இனி பார்வை திரும்பாது என்று போர்ட் பிளேரில் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்றார் உங்கள் மகன். நீங்கள் குதித்த குதி இருக்கிறதே!

"பர்மா சண்டையில லைட்டே போடாம காட்டுக்குள்ள ஓட்டுனவன்டா நான்! குண்டு விழுற எடத்துல கடுதாசி கொண்டு போய்க் குடுத்தவன்!"

"அப்ப கண்ணு இருந்துச்சுப்பா" என்றார் அவர், மெதுவாக.

தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வண்டியிடம் போய், டாங்க் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குப் பயமாகிவிட்டது மாமா. வண்டி போனால் நீங்களும் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

வயலில் உங்களை ஓட்டவிடும் யோசனை எனக்கு எப்படி வந்தது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பெரிய மூளையெல்லாம் இல்லை. அறுத்த வயலில் ஓர் எருமை கண்ணை மூடி அசைபோட்டபடி நடந்து போனது. அங்கே இடித்துக்கொள்ள என்ன இருக்கிறது, வரப்பைத் தவிர? வரப்பில் ஆள் நின்று கத்தினால் முடிந்தது.

"எல்லாரும் ஒண்ணுபோலக் கத்துனா எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும் தாயி?" என்று கேட்டீர்கள்.

அதுதான் நம் ஊரில் கவலையே இல்லையே! வடக்கு வரப்பில் நாம். கிழக்கே பெங்காலி தாதா குடும்பம், தெற்கே மலையாளி காக்கா வீட்டார், மேற்கே ராஞ்சிக்காரர்கள். அவரவர் வீட்டுப் பேச்சில் அவரவர் கத்துவது, எல்லோரும் பொதுவாகப் பேசும் இந்தியை ராஞ்சிக்காரர்களுக்கு விட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். சத்தம் கேட்டதும் நீங்கள் வலது பக்கம் வளைக்கவேண்டும்.

வண்டியை வயலில் இறக்கி எல்லோரும் வரப்பேறிய அன்றைக்குத்தான், அதை எடுத்துப்போகக் கான்ட்ராக்டரும் வந்து நின்றார். "எங்கப்பாவைக் கொல்லப் பாக்குறியா?" என்று உங்கள் மகன் என்மேல் பாய்ந்தார். அவர் முடிப்பதற்குள் நீங்கள் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்!

அடேயப்பா, அந்தச் சத்தம்! முதலில் எங்கள் பக்கம் வந்தீர்கள். "திரும்புங்க மாமா, திரும்புங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வளைத்தீர்கள். கிழக்கே "டாயினே! டாயினே!" வளைத்தீர்கள். தெற்கே காக்கா "வலத்தோட்டு! வலத்தோட்டு!" என்று தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார், உங்களுக்குக் கண் தெரியாது என்பதையே மறந்துவிட்டு. மேற்கே "மோடோ பாபா, மோடோ!" மறுபடி வடக்கே வந்தபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த சுற்றில் கியரை வேறு மாற்றினீர்கள், எனக்கு உயிர் போய் வந்தது. அதற்கும் அடுத்த சுற்றில் எங்கள் வரப்பில் எல்லோருக்கும் மேலே கேட்ட குரல் யாருடையது? உங்கள் மகனுடையது. "ரைட்ல ஒடிங்கப்பா! அப்படித்தான்! சபாஷ்!" என்று அழுதுகொண்டே கத்தினார். கான்ட்ராக்டர் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

அன்று மத்தியானம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று திட்டினீர்கள். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களிடம் சொன்னதே இல்லை. அதன்பிறகு ஒவ்வோர் அறுப்புக்கும் அதே வயல், அதே கூச்சல். முடிந்ததும் வண்டியை வீடுவரை நான் ஓட்டி வருவேன். பின்னால் உட்கார்ந்து "பிரேக்கை விடு, பிரேக்கை விடு" என்று என் உயிரை வாங்குவீர்கள்.

அந்தத் தைரியத்தில்தான் நேற்று உங்கள் மகனிடம் சொன்னேன். "ஓட்ட ஆள் இருக்கு."

"யாரு?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை மாமா. "சரி, நாளான்னைக்கு வயல்ல ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டா வண்டி இங்கதான்" என்றார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ! இன்று காலையிலேயே காக்கா வீட்டிலிருந்து ஆள் வந்து, எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனது. தாதா மண்வெட்டியோடு வந்து கிழக்கு வரப்பைச் செதுக்கினார். எனக்குத்தான் கண் தெரியுமே, நீங்கள் எதற்கு என்று கேட்டேன். "திக்தா ஹை தோ க்யா? ஹம் லோக் தோ சில்லாயேகா!" என்றார். தெரிந்தால் என்ன, நாங்கள் கத்தத்தான் போகிறோம் என்கிறார். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன் மாமா. நாளைக்கு முதல் சுற்றைக் கண்ணைத் திறந்துகொண்டே ஓட்டுவேன், அது உங்கள் மகனுக்காக. வண்டி நமக்கென்று ஆனதும் இன்னொரு சுற்று. அதில் நடு வயல் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். அவர்கள் கத்துவார்கள், நான் வளைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மருமகள்
செண்பகம்