ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகள்

1932 ஜூலை 4, திங்கள்

மழை. பள்ளிக்கூடத்துக் கூரை மறுபடியும் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. முப்பத்துநாலு பிள்ளைகளையும் ஒரு மூலையில் நெருக்கி உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தேன். அவர்கள் சொன்னது ஏழாம் வாய்ப்பாடா எட்டாம் வாய்ப்பாடா, எனக்கே கேட்கவில்லை. ஓடு போட்டுத் தாருங்கள் என்று பள்ளிக்கூடத்தை நடத்துகிற போர்டாருக்கு இரண்டு வருஷமாக எழுதுகிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வருகிறது. அந்தப் பரிசீலனைக்கு அடியில் போய்க் குந்தினால் நனையாமல் இருக்கலாமோ என்னவோ!

பூவம்மாள் என் குடையை விரித்து சிலேட்டுகளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முழுக்க நனைந்துவிட்டாள். பத்து வயசு. அப்பன் முனிரத்தினம் செவிலிமேட்டுச் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவன். எங்கள் சேரியில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். நான் படித்த மிஷன் டிரெயினிங் ஸ்கூல் வரைக்கும் இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஜூலை 11

டவுனிலிருந்து மேல்சாதித் தெருப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வந்தார். அழகியமணவாளன் ஸார். சேரிக்குள் வரவில்லை, வேலமரத்தடியில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினார். போனேன். நான் பத்தடி தள்ளி நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டார். நானும் "சாமி" என்று சொல்லாமல் "ஸார்" என்றே சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"ஒரு சகாயம் பண்ணணும்மா. இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் வரார். உங்க ஜனங்களோட பிள்ளைகள் ஆஜர் நோட்டிலே இல்லேன்னா ஸர்க்கார் கிராண்டுப் பணத்தை நிறுத்திடுவோம்னு தாக்கீது வந்திருக்கு. ஒரு பத்துப் பேரைக் குடேன். ஒரே ஒரு நாள்தான்."

எங்கள் பிள்ளைகளை ஏன் சேர்க்கவில்லை என்று ஸர்க்கார் கேட்டால், இவர்கள் இரவல் வாங்குகிறார்கள். நல்லா இருக்குது கதை!

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கூரை ஓட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்து மானேஜர் பட்டு வியாபாரி வேணுகோபால். போர்டு மெம்பரும் அவரே. ஓட்டுக் கூரை விஷயம் அவர் கையில்தான் இருக்கிறதாம், தாம் எடுத்துச் சொல்கிறாராம். நோட்டில் பேர் ஏறவேண்டும் என்பதால் பத்துப் பேருக்கும் டிரான்ஸ்பர் சீட்டு எழுதித் தரவேண்டும். கிராண்டு வந்ததும் திருப்பித் தந்துவிடுவார்.

கிராண்டு நின்றால் அவர் வேலையும் போகும். நாலு பெண்களைப் பெற்ற மனுஷன்.

ஜூலை 13

எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்துச் சீட்டு, பத்துக் கையெழுத்து. ஒரு நாள்தானே.

ஜூலை 20, புதன்

விடியற்காலையிலேயே எல்லாருக்கும் தலைக்கு ஊற்றி, எண்ணெய் தடவி, கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் மானேஜர் வீட்டு ஆள் புதுத் துணியோடு காத்திருந்தான். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குப் பாவாடை. பூவம்மாளுக்குப் பச்சைப் பாவாடை, மஞ்சள் கரை. அதை நீவி நீவிப் பார்த்துக்கினே நடந்தாள்.

முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் வெளியே ரோட்டில் நின்றேன். எவ்வளவு நாளாகப் படிக்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். "ஒரு வருசமா" என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், பூவம்மாள் சொல்லிவிட்டாள். அப்புறம் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினாளாம். இன்ஸ்பெக்டர் கை தட்டினாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கங்கெட்டவள் நான், அந்த நேரத்திலும் பெருமைப்பட்டேன்.

மணி அடித்ததும் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பூந்தி ஒரு பிடி. தண்ணீர் கேட்டதற்கு, குளத்துக்குப் போங்கள் என்றார்கள்.

வழியில் பூவம்மாள், "நாளைக்கும் வரணுமா வாத்தியாரம்மா? அங்க சுவத்துல பெரிய படம் மாட்டிக்குது, உலகம் முச்சூடும் அதுல இருக்குதாம்" என்றாள். 

செப்டம்பர் 9

கிராண்டு வந்துவிட்டதாம். சீட்டைத் திருப்பிக் கேட்டேன். "தீபாவளி ஆகட்டும்மா" என்கிறார்.

நவம்பர் 14

கேட்டேன். "வருஷக் கணக்கு முடியட்டும்" என்கிறார். என் ரெஜிஸ்தரில் இருபத்துநாலு பேர். உட்கார்ந்திருப்பது முப்பத்துநாலு. தினமும் பத்துப் பேருக்குப் பேர் கூப்பிடாமலே பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் பேரை ஏன் கூப்பிடறதில்ல என்று பூவம்மாள் கேட்கிறாள்.

ஓடு? பரிசீலனையில் உள்ளது.

1933 பிப்ரவரி 18, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

போர்டுக் கூட்டம். பணமுடையாம், செலவைக் குறைக்கணுமாம், எந்தெந்தப் பள்ளிக்கூடத்தை மூடலாம் என்று விவாதம். ஜனங்கள் ஜன்னல் வரைக்கும் ஏறிக்கினு கேட்டார்கள். நானும் முனிரத்தினமும் வாசலுக்கு வெளியே நின்றோம். தறியில் உட்காரவேண்டிய பையனுக்குப் படிப்பு எதற்கு, அதற்கு நாங்கள் ஏன் வரி கட்டணும் என்றார் ஒருத்தர். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரோட்டைப் போடு என்றார் இன்னொருத்தர். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் கதர் கட்டின ஒரு மெம்பர் எழுந்தார். நல்ல குரல். "சேரிக்கென்று தனிப் பள்ளிக்கூடம் வைப்பதே அவமானம்! ஒரே கூரைக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும்!" என்றார். ஒரே கைதட்டல். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் வயிறு எரியுது. முனிரத்தினம்கூடக் கைதட்டினான், பாவி.

கடைசியில் வேணுகோபால். கையில் காகிதம். "அப்படிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சேரியிலிருந்து பத்துப் பேர் தாங்களாகவே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாறி ஏழு மாசம் ஆகிறது. ஒரு நாள்கூட ஆப்ஸென்ட் இல்லை. இன்ஸ்பெக்டரே மெச்சி எழுதியிருக்கிறார். சேரிப் பள்ளிக்கூடத்தில் மீதி இருபத்துநாலு பேர்தான். இருபத்தைந்துக்குக் குறைந்தால் மூடவேண்டும் என்பது நம் விதி. இதோ, மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போட்ட சீட்டுகள்."

என் கையெழுத்து! என் கையெழுத்து!

மார்ச் முப்பத்தொண்ணோடு என் பள்ளிக்கூடம் மூடப்படும். ஏகமனதாகத் தீர்மானம்.

"இன்னாம்மா, நம்ம பசங்கள தெருப் பள்ளிக்கூடத்துல குந்தவெக்கப் போறாங்களாமே, மெய்யா?" என்று முனிரத்தினம் சந்தோஷமாகக் கேட்டான். நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 20

அழகியமணவாளன் ஸாரைப் பார்க்கப் போனேன். ஏழு மாசமாகப் பத்துப் பேருக்கும் தினமும் ஆஜர் போட்டு வந்திருக்கிறார். மானேஜர் சொன்னாராம், இவர் போட்டாராம்.

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லு. எனக்கு வேலை போகும். பொய்ச் சீட்டு எழுதினதுக்கு உன் சர்டிபிகேட்டையும் பிடுங்கிடுவா. அப்புறம் அந்தக் குழந்தைகளுக்கு யார் இருக்கா?" என்றார். என்னை மிரட்டுகிற குரலே இல்லை. கெஞ்சினார். அதனால்தான் காறித் துப்பாமல் வந்தேன்.

யோசித்துப் பார்த்தால் யாரைத் திட்டுவது? என்னையேதான். மரியம்மா, கூரை ஓட்டுக்கு ஆசைப்பட்டுப் பள்ளிக்கூடத்தையே எழுதிக் கொடுத்தவள் நீதானே. மண்டு. அடி மண்டு!

மார்ச் 31

பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

முப்பத்துநாலு பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு தெருப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனேன். தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்த நெசவுக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எட்டு மாசமா ஆஜர் போடுறீங்களே ஸார், வந்திருக்குதுங்க. பேரைக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நோட்டைத் திறந்தார். கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்று பத்துப் பேரும் சொன்னார்கள். பூவம்மாள் சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மீதி இருபத்துநாலு பேருக்கு இடமில்லை. ஓலை வந்து கொட்டகை போட்டதும் பார்க்கலாமாம். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு சின்னப் பையன் வழியெல்லாம் கேட்டான், "என் பேரு எப்ப நோட்டுல ஏறும்?"

ஏப்ரல் 12

கோலாரில் வேலை செய்கிற என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம். பள்ளிக்கூடம்தான் போயிற்றே, அங்கே என்ன வேலை, புறப்பட்டு வா என்கிறார். பதில் போடவில்லை. கூலிக்கு இரண்டு ரவிக்கை தைத்தேன்.

ஏப்ரல் 27

பத்துப் பேரில் போவது இப்போது மூணு பேர். பின்பக்கத் தாழ்வாரத்தில், செருப்பு விடுகிற இடத்தில் குந்தவைக்கிறார்களாம். சிலேட்டை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லையாம்.

"அங்க பேரு மட்டுந்தான் கூப்புடறாங்க வாத்தியாரம்மா. பாடம் உள்ள நடக்குது" என்றாள் பூவம்மாள்.

 மத்தியானம் என் வீட்டுக்கு வா, நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

ஜூன் 15

பூவம்மாளும் நின்றுவிட்டாள். முனிரத்தினத்திடம் சண்டை போட்டேன். அவன் கோபப்படவில்லை. "பேர கூப்புடறதுக்கு அம்மாந்தொலைவு எதுக்குமா நடக்கணும்? சூளைல கல்லு தூக்கினா கூழாச்சும் கெடைக்குது" என்றான்.  மத்தியானமும் அவளால் வரமுடியாது. சூளை விட்டு வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறாள்.

ஜூலை 10

வேலமரத்தடி. அதே மனுஷர். "ஒரே ஒரு நாள்தான்மா. பத்தொன்பதாம் தேதி. அந்தப் பத்துப் பேரையும்..." என்று இழுத்தார். மானேஜர் எனக்கு அஸிஸ்டென்ட் வேலை தருவதாகச் சொன்னாராம்.

"உங்க நோட்டிலே தினமும் வந்துக்கினு இருக்காங்களே ஸார், அங்கேயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வாழ்க்கையில் ஒரு நாளாவது நான் சரியாகப் பேசினேன்.

ஜூலை 19, புதன்

இருக்க முடியவில்லை. போனேன். போன வருஷம் நின்ற அதே இடத்தில் ரோட்டில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது.

முதல் வரிசையில் பத்துப் பிள்ளைகள். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. "பூவம்மாள்" என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். யாரோ ஒரு பெண் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றாள். பச்சைப் பாவாடை. மஞ்சள் கரை.

கூச்சல் போட்டிருக்கணும். உள்ளே போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றிருக்கணும். ஏன் போகலை? சர்டிபிகேட் போய்விடுமென்றா? பள்ளிக்கூடமே இல்லாதவளுக்கு அது எதற்கு? பயம். வேறொன்றுமில்லை, பயம்.

எதிர்க் கடைக்காரன் சொன்னான்: பிள்ளைகள் ஐயம்பேட்டைச் சேரியிலிருந்து வண்டியில் வந்தவர்களாம்.

வரும்போது சூளை வழியாக வந்தேன். பூவம்மாள் தலையில் எட்டுக் கல். "பூவம்மா" என்றேன். தலையைத் திருப்ப முடியவில்லை. "உள்ளேன் அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.

ஜூலை 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகாமல் ஐயம்பேட்டைக்கு நடந்தேன். சேரிப் பள்ளிக்கூடத்து டீச்சர் செல்லியம்மாள். சின்னப் பெண், டிரெயினிங் முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாயைப் போட்டு உட்காரச் சொன்னாள். தலைக்கு மேலே கூரையில் வானம் தெரிந்தது. புதன்கிழமை பிள்ளைகளை டவுனுக்கு அனுப்பினாயா என்று கேட்டேன்.

"ஒரு நாள்தானே அக்கா, பிள்ளைங்களுக்குப் பூந்தியெல்லாம் குடுத்தாங்க. வேற பேர்ல எழுந்திருக்கச் சொன்னதுதான் ஒரு மாதிரி இருந்துது. இனிமே அதுவும் வேணாமாம். இவங்க பேரையே நோட்டுல ஏத்திக்கிறாங்களாம். பத்துச் சீட்டு கேட்டிருக்காங்க. நாளைக்கு எழுதித் தரணும். கூரைக்கு ஓடு போட்டுத் தரேன்னு மானேஜரு சொல்லிக்கிறாரு."

மைக்கூடும் காகிதமும் பக்கத்திலேயே இருந்தன. உன் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். முப்பத்திரண்டு என்றாள். பத்தைக் கழி என்றேன்.

இருபத்திரண்டு என்று உடனே சொன்னாள்.  போர்டு விதி அவளுக்கும் தெரியும். நான் யார், என் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று, என் பூவம்மாள் எங்கே இருக்கிறாள், எல்லாம் சொன்னேன். என் கையெழுத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

மைக்கூட்டை மூடித் தள்ளிவைத்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஓடு வராதா அக்கா?" என்றாள்.

வராது என்றேன்.