வெட்டக் கிடைத்த காய்

மான்செஸ்டர்
12 நவம்பர் 1963

அன்பு மனைவி சம்சுன்னிசாவுக்கு உன் கபீர் எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். டன்லப் தெரு வீட்டில் நீயும் உம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிரில் காது இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு வாரமாக வேளைக்குச் சாப்பிடுவதில்லை. திட்டாதே. கணிதம் படிக்க வந்தவனைப் பேராசிரியர் ஒரு மிஷின் முன்னால் உட்கார்த்திவிட்டார். ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம் தெரியுமா? டாம் ஆட்டம்! நீயும் நானும் பாட்டில் மூடிகளை வைத்துக்கொண்டு ஆடுவோமே, அதேதான்.

விதிகளைச் சொல்வது சுலபம். காய் முன்னால்தான் போகும். எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால் ஹாஜி ஆகும். ஹாஜி மட்டும்தான் பின்னாலும் வரலாம். எதிராளியின் காயைத் தாண்டி அதன் பின்னால் உள்ள காலிக் கட்டத்தில் குதித்தால் அது வெட்டு, வழி இருந்தால் அதே மூச்சில் அடுத்ததையும் வெட்டலாம். வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும். இதெல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. நன்றாக ஆடுவது எப்படி என்று சொல்லித் தருவதில்தான் சண்டை. தேர்ந்த ஆட்டக்காரரைக் கேட்டு அவர் நுணுக்கங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். பழைய ஆட்டங்களைக் காட்டினால் போதும், பார்த்தே கற்றுக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். எதுவும் வேண்டாம், தனக்குத்தானே ஆடி அடிபட்டுத் தெளியட்டும் என்பது பேராசிரியர் கட்சி.

தேர்ந்த ஆட்டக்காரன் என்று நானே கையைத் தூக்கி நாற்பது நுணுக்கங்கள் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டாவது வழியையும் பார்க்க ஆசை. கல்யாணம் ஆனதிலிருந்து நாம் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி போட்டு, கட்ட எண் போட்டு எழுதி வைத்தேனே, அந்த மூன்று நோட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. கப்பல்காரர் ரவூப் அடுத்த மாதம் லிவர்பூல் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு. முந்நூறு ஆட்டத்தில் பாதிக்கு மேல் நான் ஜெயித்தது என்பதைப் பேராசிரியரும் பார்க்கட்டும்!

அடுத்த செப்டம்பரில் இரண்டு வருடம் முடிகிறது. வந்துவிடுவேன்.

உன் அன்புள்ள
கபீர்


டன்லப் தெரு, சிங்கப்பூர்
9 டிசம்பர் 1963

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மாமிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மகன் மிஷினோடு டாம் ஆடுகிறான் என்றதும், "இதுக்குத்தான் அவ்ளோ தூரம் போனானா? தேக்கா கோப்பிக்கடையில ஆள் கிடைக்கலையாமா?" என்றார்.

நோட்டுகளை ரவூப் காக்காவிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது நோட்டின் கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது, ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்துக்குப் போக டாக்சி வந்து நின்றதும் எழுந்து போனீர்கள். பலகை அலமாரி மேல் அப்படியே இருக்கிறது. மாமி சுற்றித்தான் தூசி தட்டுவார். நோட்டு கேட்டு நாலு வரி எழுதினீர்கள். நான் எப்படிப் பொழுதைக் கழிக்கிறேன் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில், மிஷின் படிப்பதற்காகக் கணக்குகளை அட்டையில் துளையாகப் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆமாம், எங்களிடமும் மிஷின் இருக்கிறது! நான் தட்டிய அட்டையை, கூட வேலை செய்யும் பூவம்மா சரிபார்க்க மறுபடி தட்டுவாள். இரண்டு பேர் தட்டியதும் ஒத்துப்போகாவிட்டால் அவள் மிஷின் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். மாமி முதலில் முணுமுணுத்தார். இப்போது காலையில் எனக்குச் சோறு கட்டித் தருகிறார்.

குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு மனு போட்டிருக்கிறேன். இங்கே மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய். நின்று நின்று கால் கடுக்கிறது. வீடு வரும்போது உங்கள் கையெழுத்து வேண்டும். செப்டம்பரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
சம்சு


மான்செஸ்டர்
20 ஏப்ரல் 1964

அன்பு சம்சு,

ஒரு வேடிக்கை கேள். என் நாற்பது நுணுக்கங்களைக் கற்ற மிஷின் ஒன்று, நோட்டில் உன் பக்கத்து ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கற்றது இன்னொன்று. இரண்டையும் மோதவிட்டோம். முதல் இருபது நகர்வுக்குள் உன்னுடையது என்னுடையதை மூச்சுத் திணற வைக்கிறது! பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் பார்த்தால், ஜெயிக்கப் போகிற நேரத்தில் ஒரு காயைக் கொண்டுபோய் என் வாயில் வைக்கிறது. ஐந்து நகர்வு முன்னால் பார்க்கத் தெரிந்தது, பக்கத்துக் கட்டத்தில் நிற்பதைப் பார்க்காமல் விடுகிறது.

மிஷினில் கோளாறு என்று இரண்டு வாரம் தேடினோம். கோளாறு நோட்டிலேயே இருக்கிறது. எண்பத்தேழு ஆட்டங்களில் நீ இப்படிச் செய்திருக்கிறாய். "இந்த ஆட்டக்காரருக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று பேராசிரியர் கேட்கிறார். உனக்குத் தலைவலி வருமே, அந்த நாட்களாக இருக்குமோ? யோசித்து எழுது, ஆய்வுக்கு உதவும்.

உதவித்தொகையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிறார்கள். அடுத்த வருடம் செப்டம்பர் என்று வைத்துக்கொள். உம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

கபீர்


சிங்கப்பூர்
27 ஜூலை 1964

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம். இப்போது கலவரத்தால் ஊரடங்கு. ரேடியோவில் சொல்கிற நேரத்துக்குத்தான் வெளியே போகலாம். நாங்கள் பத்திரமாக இருக்கிறோம். எங்கும் போக முடியாததால் எழுத உட்கார்ந்தேன்.

தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெரிந்தேதான் தோற்றேன்.

நோட்டில் தேதி இருக்கிறதே, மச்சான். நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் உங்களைத் தாண்டி இன்னொருவருக்குப் பதவி கொடுத்தார்களே, அந்த வாரம் பாருங்கள். முதல் முறை உதவித்தொகை இல்லை என்று கடிதம் வந்த நாளைப் பாருங்கள். 1960 மார்ச் நான்காம் தேதியையும் பாருங்கள். நம் பிள்ளை தங்காமல் போய் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அது. நீங்கள் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. நான்தான் பலகையை எடுத்து வைத்தேன். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். மூன்றாவதில் சிரித்தீர்கள். அப்புறம் நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தோற்றால்தான் நீங்கள் பேசுவீர்கள் என்று எனக்கு எப்படியோ படிந்துவிட்டது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவில்லை. ஆறாயிரம் மைல் தாண்டி ஒரு மிஷின் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் பாவம், கிளிப்பிள்ளை. நான் செய்ததைச் செய்கிறது. அதற்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

எனக்கு இப்போது ஓர் ஆசை. பாதியில் நிற்கும் ஆட்டத்தை முடிப்போம். என்னிடம் ஆறு காய், உங்களிடம் ஐந்து. என் முறை. 9-இலிருந்து 13. இந்த முறை விட மாட்டேன். நீங்களும் விடாதீர்கள்.

சம்சு


மான்செஸ்டர்
5 அக்டோபர் 1964

அன்பு சம்சு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒரு நாள் உன் மேல் கோபமாக இருந்தது. மறுநாள் என் மேல். பாதிக்கு மேல் நான் ஜெயித்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வெட்கமாக இருக்கிறது. மார்ச் நான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "சம்சு இன்று கவனக்குறைவு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

பேராசிரியரிடம் காரணத்தைச் சொன்னேன். துள்ளிக் குதித்தார். காய் எங்கே போனது என்பதுதான் நோட்டில் இருக்கிறது, ஏன் போனது என்பது இல்லை. தெரியாமல் தோற்பதையும் தெரிந்தே தோற்பதையும் ஒரு மிஷின் பிரித்தறியுமா? இதை யாரும் கேட்டதில்லை என்கிறார். இதற்கென்றே ஓர் இடம் ஏற்படுத்தி, மூன்று வருடம் என்னை இருக்கச் சொல்கிறார். சம்சு, உன் எண்பத்தேழு ஆட்டங்கள்தான் என் ஆய்வு!

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. யோசிக்கிறேன்.

என் ஆட்டம்: 26-இலிருந்து 23. இனி தபால் அட்டையிலேயே அனுப்பு, சீக்கிரம் வரும்.

கபீர்


சிங்கப்பூர்
18 பிப்ரவரி 1965

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று அட்டையும் வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு எண், ஒரு ஸலாம். ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாமி, "அவன் நல்லா இருக்கானான்னு எந்த நம்பர்லமா பார்க்கிறது?" என்று கேட்டார்.

பெருமைப்படச் சொல்கிறீர்களா? நான் உங்களுக்காக விட்டுக்கொடுத்ததை வைத்துக்கொண்டே இன்னும் மூன்று வருடம் என்னை விட்டுவிட்டு இருக்கப் போகிறீர்கள். ஒருத்தி ஏன் தோற்றாள் என்று தெரிய மூன்று வருடம் எதற்கு? அவளைக் கேட்டால் ஒரு கடிதத்தில் சொல்லிவிடுகிறாள், சொல்லியும் விட்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள்.

வேலை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நானும் வேலைக்குப் போகிறவள், அதன் ருசி எனக்கும் தெரியும். இருப்பதானால் இருக்கிறேன் என்று எழுதுங்கள். என்னையும் மாமியையும் அங்கே கூப்பிடலாமா என்று கேளுங்கள். வருவதானால் வருகிறேன் என்று எழுதுங்கள். எதுவானாலும் என்னிடம் முதலில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது.

குவீன்ஸ்டவுன் வீடு வந்துவிடும் போலிருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்து வேண்டுமாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் ஆட்டம்: 13-இலிருந்து 17. உங்களுக்கு நாலு காய்தான் இருக்கிறது, ஜாக்கிரதை.

சம்சு


மான்செஸ்டர்
22 ஜூலை 1965

அன்பு சம்சு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே இப்போது நல்ல வெயில். அறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரோஜா பூத்திருக்கிறது. நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய். வேலை அதிகம். உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வீட்டு விஷயம் இன்ஷா அல்லாஹ் நல்லபடி முடியும். படிவத்தை எங்கோ வைத்துவிட்டேன், தேடுகிறேன். மற்றவை பிறகு விவரமாக எழுதுகிறேன். நீ மிக நன்றாக ஆடுகிறாய். நீ ஜெயிக்க வேண்டியவள்.

என் ஆட்டம்: 15-இலிருந்து 10.

கபீர்


சிங்கப்பூர்
16 ஆகஸ்ட் 1965

கபீர் மச்சானுக்கு,

ஒன்பதாம் தேதி ரேடியோவில் சொன்னார்கள், இனி நாம் தனி நாடாம். மாமி மூன்று நாளைக்கு அரிசி வாங்கிக் குவித்தார். தெருவில் பட்டாசுச் சத்தம் ஒரு பக்கம், என்ன ஆகுமோ என்ற பேச்சு ஒரு பக்கம். உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது.

பலகையைக் கீழே இறக்கி, 15-இல் இருந்த உங்கள் மூடியை 10-க்கு நகர்த்தினேன். என் காய் 6-இல் நிற்கிறது. 10, 19, 27 மூன்றிலும் உங்கள் காய்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கட்டம் காலி. படிக்கட்டு மாதிரி இறக்கி வைத்திருக்கிறீர்கள். இது தவறி வைத்த காய் இல்லை. இந்த நகர்வை எனக்குத் தெரியும், மச்சான். எண்பத்தேழு முறை நானே வைத்திருக்கிறேன்.

நான் வைத்தபோது உங்களை என் பக்கம் இழுக்க வைத்தேன். நீங்கள் எதற்கு வைத்தீர்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். ரோஜாப்பூ, முழங்கால், 'நீ ஜெயிக்க வேண்டியவள்'... நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் எனக்கு ஓர் ஆட்டத்தைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். இருக்கிறேன் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை கிளம்பியும் வந்திருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் தந்தி கொடுங்கள். வராது என்று எனக்குத் தெரியும்.

படிவத்தைத் தேட வேண்டாம். சனிக்கிழமை மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த தஸ்பீஹ் மணியை ஓரமாக வைத்தார். பிறகு, "என் பேர்ல போடுலா. நான் கைநாட்டு வைக்கிறேன். அவன் வந்தா வரட்டும், நாம குடிபோவோம்" என்றார். ஹலீமா பீவி, மருமகள் சம்சுன்னிசா என்று புதுப் படிவம் போய்விட்டது. அடுத்த மாதம் குடிபோகிறோம். எங்களுக்கென்று தனிக் குழாய். உங்கள் தாயாரை நான் பார்த்துக்கொள்வேன். அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். நீங்கள் வந்தால் உங்கள் தாயாரைப் பார்க்க வாருங்கள், சோறு போடுகிறேன். ஆனால் காத்திருப்பதை இன்றோடு விட்டுவிட்டேன். பிரிவதற்கான மற்ற முறைகளை ஜமாஅத்தில் பேசிக்கொள்ளலாம்.

வேறு ஏதாவது காயை நகர்த்தித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். உங்கள் தோல்வி எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும் என்பது விதி.

6-இலிருந்து 15, 24, 31. மூன்று காயும் போயிற்று. 31 உங்கள் கடைசி வரிசை. என் காய் ஹாஜியாகிவிட்டது, இனி அது எந்தப் பக்கமும் போகலாம்.

இந்த ஆட்டத்தையும் உங்கள் மிஷினுக்குக் கொடுப்பீர்கள். கொடுக்கும்போது உங்கள் கடைசி நகர்வுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். போடாவிட்டால் அதுவும் உங்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ளும்.

சம்சுன்னிசா