கருப்புக்கு நேரே பச்சை

செவ்வாய் இரவு, தேனி.

தூக்கம் வரவில்லை. போடி ஏலக்காய் வியாபாரிக்கு நாங்கள் செய்துகொடுத்த இணையதளத்தின் ஸ்டைல்ஷீட்டில் நிறங்களுக்குப் பெயர் வைத்திருக்கும் வேரியபிள்களை எல்லாம் ஜேசன் என்ற பட்டியல் கோப்பாக மாற்றச் சொல்லி, காலையில் சார் என் மேசைக்கே வந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர், மதிப்பாக அந்த நிறத்தின் எண், விளக்கம் இருக்க வேண்டுமாம்.

"நாளப்பின்ன யாரு வந்தாலும் அதப் பாத்தே வேலை செய்யணும்ல ஆத்தா" என்றார்.

"யாரு சார் வர்றாக?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இத்தனை நாள் இல்லாத ஆவணம் இப்போது எதற்கு? ஆபீஸ் மூலையில் புது மேசை வேறு வந்து கிடக்கிறது.

பட்டியலைத் தானே எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. கருப்பு என்ற பெயருக்கு நேரே மட்டும் கரும்பச்சையின் எண் நின்றது. அது பிழை இல்லை. தளம் முடிகிற நேரத்தில் அந்த வியாபாரி, "எனக்கு ஏழரைச் சனி நடக்குது தாயி, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு நடையா நடக்கேன். கருப்பு மட்டும் வேணாம்" என்று என்னிடம்தான் சொன்னார். பெயரைத் தொட்டால் எல்லாப் பக்கத்திலும் மாற்ற வேண்டும் என்று மதிப்பை மட்டும் மாற்றினேன். சாருக்கு இது தெரியாது.

மாலையில் எல்லா நிறத்துக்கும் விளக்கம் எழுதிக் கோப்பை அனுப்பினேன். கருப்புக்கு மட்டும் எழுதவில்லை.

புது மேசைக்கு வருகிறவர் அதைப் பிழை என்று திருத்தித் தளத்தைக் கருப்பாக்கட்டும். மறுநாள் வியாபாரி யாருக்குப் போன் போடுகிறார் என்று பார்க்கிறேன்.