இரண்டு பட்டன் மெஷின்

ஜூன் 9

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உங்கள் ஒரே தம்பிக்குத் தொழிற்சாலையில் காலணி வழங்கப்பட்டுவிட்டது. என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. நான் திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது திரும்புகிறது. உன் விடுதியில் போன்களைப் பூட்டி வைக்கும் வார்டன் வாழ்க. அவர் இல்லையென்றால் இந்த வரலாற்றுச் செய்தி தாளில் ஏறியிருக்குமா?

டப்பா மூடி அடிக்கும் பிரஸ்ஸில் போட்டிருக்கிறார்கள். நர்ஸ் படிப்புக்குப் போகுமுன் நீ இரண்டு வருஷம் குப்பை கொட்டினாயே, அதே மாதிரி மெஷின்தான். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு. ஒருவர் மூக்காலேயே வாசித்தார். பின்வரிசையிலிருந்து நானும் மூக்காலேயே எதிரொலித்தேன். புதுப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். எதற்கென்று போட்ட கைக்கே தெரியாது.

பக்கத்து மெஷினில் இருப்பவனைப் பூனை என்று கூப்பிடுகிறோம். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. பாவம், ரொம்ப மெதுவாக அடிக்கிறான். நானோ சூப்பர்வைசர் வாயாலேயே 'எக்ஸ்பிரஸ்' பட்டம் வாங்கிவிட்டேன். எப்படி இவ்வளவு வேகம் என்கிறாயா? தொழில் ரகசியம்!

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த தொல்லை

ஜூன் 17

என் வாலுக்கு,

காலணியை மாற்றித் தரச் சொல்லிக் கேள். கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா எழுதியிருந்தாள். ஒழுங்காகச் சாப்பிடு.

பிரஸ்ஸில் வேகம் நல்லதில்லை. உனக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது. அந்த ரகசியம் என்னவென்று எழுது. ஜோக் அடித்து மழுப்பாதே.

அன்புடன்,
அக்கா

ஜூலை 1

அக்கா,

ரகசியம் கிடக்கட்டும். இங்கே ஒரு விபத்து. எனக்கில்லை, பயப்படாதே. பூனையின் வலது கை மூடி அடிக்கும் இரும்பு அச்சுக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது.

உன் தம்பி என்ன செய்தான் என்று கேள். பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். "நீ மட்டும் இல்லேன்னா முழுக் கையும் போயிருக்கும்டா" என்று எல்லாரும் முதுகில் தட்டுகிறார்கள். முதுகு வீங்கிவிட்டது.

அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவும் தரமாட்டார்களாம், வேலையும் இல்லையாம். அவன் அப்பா தினமும் முன் கேட்டில் வந்து நிற்கிறார். நான் பின்பக்க வழியாகப் போய் வருகிறேன். முன்பக்கம் கூட்டம் அதிகம், அதனால்தான்.

உன் வீரத் தம்பி

ஜூலை 8

தம்பி,

உன் கடிதத்தை அறைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருத்தி அழுதேவிட்டாள். "உன் தம்பியா இவன்!" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு இன்னொரு முறை படித்தேன். இரண்டு கையும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த அச்சு இறங்கும். கை உள்ளே போகக் கூடாதென்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நானும் அதன் முன்னால் உட்கார்ந்தவள்தானே. அவனுடைய வலது கை உள்ளே இருந்தது என்றால் இன்னொரு பட்டனை எது அழுத்திக்கொண்டிருந்தது?

நீ ஏன் முன் கேட் வழியாகப் போவதில்லை? திட்டமாட்டேன். சொல்லு.

அக்கா

ஜூலை 20

அக்கா,

வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது ஓர் அட்டை. நான் மடித்துச் செருகிய அட்டை. அதுதான் என் தொழில் ரகசியம். ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தால், ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறுகையால் அடித்துக்கொண்டு போகலாம். சூப்பர்வைசரும் பார்த்தார். "கணக்கு ஏறினா சரி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பூனை மாட்டேன் என்றுதான் சொன்னான். "வேணாம்டா, கை உள்ள இருக்கும்போது இறங்கிட்டா?" என்றான். "பூனைக்கே எலிப் பயமாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மெஷினில் அட்டையை நானே செருகினேன். அவன் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். "நீ எதுவும் சொல்லிடாத. உன் வேலையும் போயிரும்" என்றான். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

நேற்று முன் கேட் வழியாகப் போனேன். அவன் அப்பாவிடம் சொன்னேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "இதை உள்ள வந்து சொல்லுவியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் முன்னால் சொன்னேன். "இந்தப் பையன் யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது சார்" என்றார் எனக்குப் பட்டம் கொடுத்த சூப்பர்வைசர். மூடி எண்ணும் பகுதியில் ஓர் அக்கா இருக்கிறார். அவர்தான் எழுந்து வந்து, "எல்லா மெஷின்லயும் அட்டை இருக்கு சார், போய்ப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் பூனை விஷயத்தை மறுபடி விசாரிக்கிறோம் என்று வாயைத் திறந்தார்கள். எனக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தோழிகளுக்கு வாசித்துக் காட்டியதை நீ எப்படித் திரும்ப வாங்குவாய் என்று தெரியவில்லை. சுவிட்சை அணைத்தது நானில்லை. அந்த அக்காதான். கட்டுப் போட்டதும் அவர் தோளில் கிடந்த துண்டில்தான். என் சட்டை முழுசாகத்தான் இருக்கிறது. பூனை அலறக்கூட இல்லை அக்கா. என்னைத்தான் கூப்பிட்டான். நான் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்படியும் அவன் குரல் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டேன்.

தம்பி